ருசி பாதி, ரூம் பாதி

நல்ல ஸ்பீக்கர் வாங்க வேண்டும் என்று யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள்: "உங்க காதுக்கு எது பிடிக்குதோ அதை வாங்குங்க." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, மறுத்துப் பேசவும் வழியில்லை. ஆனால் இதைச் சொன்னதோடு சொன்னவர் வேலை முடிந்தது. வாங்கப் போகிறவருக்குத்தான் தலைவலி ஆரம்பம். எந்த அறையில் கேட்டோம், எவ்வளவு சத்தமாகக் கேட்டோம், கேட்கும்போது எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம், எதைக் கேட்ட கையோடு இதைக் கேட்டோம் என்று எல்லாம் சேர்ந்துதான் 'பிடிச்சிருக்கு' என்று நம்மைச் சொல்ல வைக்கின்றன. இவ்வளவையும் கழித்தபின் மிஞ்சுவதுதான் ருசி. அது நிஜம், ஆளுக்கு ஆள் மாறுவது, அதில் யாரும் யாருக்கும் வாத்தியார் இல்லை. ஆனால் நாம் நினைத்துக்கொண்டிருப்பதைவிட அளவில் சிறியது. மற்றதைக் கழிக்காமல் விட்டால் கண்ணிலேயே படாது.

முதலில் கழிக்க வேண்டியது சத்தம். ஒரு ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி (ஒரே அளவு மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்ற அளவு) 84 டெசிபல், பக்கத்தில் நிற்பது 90 என்றால், வால்யூம் குமிழைத் தொடாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது சத்தம் 6 டெசிபல் ஏறிவிடும். அது யாருக்கும் தெரிந்துவிடும், ஆகவே ஆபத்தில்லை. வில்லங்கம் எல்லாம் 1, 2 டெசிபல் வித்தியாசத்தில்தான். அது காதுக்குச் சத்தமாகத் தெரியாது, தரமாகத் தெரியும். பாஸ், அதாவது கீழ் சுரங்கள், கொஞ்சம் நிறைவாக இருக்கிறது, குரல் கொஞ்சம் தெளிவாக இருக்கிறது, இசை கொஞ்சம் விரிந்திருக்கிறது என்று தோன்றும். காரணம் காதின் அமைப்பிலேயே இருக்கிறது. பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட வளைகோடுகள் இதைத்தான் காட்டின: சத்தம் குறைவாக இருக்கும்போது கீழ் சுரங்களை நம் காது சரியாகப் பிடிப்பதில்லை, சத்தம் ஏற ஏற பாஸ் மற்றதைவிட வேகமாக ஏறுவதுபோல் கேட்கும். அதனால் சற்றே உரக்க ஒலிக்கும் பெட்டிக்கு ஒன்றும் செய்யாமலே கூடுதல் மதிப்பெண் விழுகிறது.

இதைச் சரிசெய்யப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். எல்லா அலைவரிசையும் கலந்த பிங்க் நாய்ஸ் என்ற இரைச்சலை ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் காது இருக்கும் உயரத்தில் போனைப் பிடித்து, ஏதாவது ஒரு டெசிபல் மீட்டர் செயலியில் எண்ணைப் பார்த்தால் போதும். போன் காட்டும் எண் துல்லியமாக இருக்காது, ஆனால் இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே மாதிரிதான் தவறும். ஒப்பிட அது போதும். அரை டெசிபலுக்குள் இரண்டையும் கொண்டுவந்து, குமிழ் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் எடுத்த எந்த முடிவையும் நான் முடிவாகவே எடுத்துக்கொள்வதில்லை, சொல்பவர் எவ்வளவு பெரிய ரசிகராக இருந்தாலும் சரி.

அடுத்தது கண். கனடாவின் தேசிய ஆய்வுக் கழகத்திலும் பிறகு ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்திலும் பல ஆண்டுகள் இதே வேலையாக இருந்தவர் ஃபிளாய்ட் டூல். அவரும் ஷான் ஆலிவும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஆட்களை ஒரே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்தும் பார்வையில் வைத்தும் கேட்க வைத்தார்கள். கண்ணால் பார்த்ததும் மதிப்பெண்கள் நகர்ந்தன. பெரிதாக, அழகாக, பெயர் பெற்றதாக இருந்த பெட்டி ஏறியது. ஹார்மன் பின்னாளில் ஒரு இயந்திரமே கட்டியது, திரைக்குப் பின்னால் ஒரு ஸ்பீக்கரை நகர்த்திவிட்டு அதே இடத்தில் இன்னொன்றைச் சில வினாடிகளில் கொண்டுவந்து நிறுத்த. இடம் மாறினாலே ஒலி மாறிவிடும் என்பதால் அந்த மெனக்கெடல்.

இந்த ஆய்வுகளில் எனக்குப் பிடித்த சேதி வேறு. திரை போட்டுக் கேட்டால் ஆட்களின் கருத்து பெரும்பாலும் ஒன்றுசேர்ந்துவிடுகிறது. நேர் எதிரே அளந்தால் ஏற்ற இறக்கம் இல்லாமல் சமமாகவும், பக்கவாட்டில் போகப் போகக் கரடுமுரடில்லாமல் சீராகவும் குறைகிற ஒலியைத்தான் பெரும்பான்மையோர் தேர்ந்தெடுக்கிறார்கள். ஜாஸ் கேட்பவரும் ராக் கேட்பவரும் இதில் பிரியவில்லை. ஆலிவ் பிறகு போட்ட கணக்கில், பிடித்துப்போவதில் சுமார் 30 சதவீதம் பாஸ் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. 'ருசி ஆளுக்கு ஆள் வேறு' என்று சொல்லிக்கொண்டு மோசமான ஸ்பீக்கரை விற்பவர்களுக்கு இது கசக்கும். அளந்தால் மலையும் பள்ளமுமாக இருக்கும் பெட்டியை ருசி என்ற பெயரில் காப்பாற்ற முடியாது. நல்ல பெட்டிகளுக்குள்ளே மட்டும்தான் ருசிக்கு வேலை.

மூன்றாவது அறை. இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது, ஏனென்றால் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே நாம் கேட்பது ஸ்பீக்கரைவிட அறையைத்தான். கணக்கு எளிது. ஒலியின் வேகம் வினாடிக்கு 343 மீட்டர். அறையின் நீளத்தை இரண்டால் பெருக்கி அதனால் 343-ஐ வகுத்தால் அந்த நீளத்தில் நிற்கும் முதல் அலையின் அலைவரிசை கிடைக்கும். 5 மீட்டர் அறைக்கு 34 ஹெர்ட்ஸ், 4 மீட்டருக்கு 43, 3 மீட்டருக்கு 57. அந்தச் சுரம் வரும்போது சுவரோரம் வீங்கும், அறையின் நட்ட நடுவில் காணாமல் போகும். நீளமும் அகலமும் உயரமும் ஒன்றுக்கொன்று சமமாக இருந்தால் மூன்றும் ஒரே இடத்தில் குவிந்து ஒரு சுரம் மட்டும் குமுறும். அப்படிப்பட்ட அறைக்கு எந்த ஸ்பீக்கரும் அமையாது.

ஆகவே ஸ்பீக்கரை மாற்றுவதற்கு முன் நாற்காலியை மாற்றிப் பாருங்கள். அறையின் நடுவில் உட்கார்ந்துகொண்டு பாஸ் இல்லை என்று குறைபடுகிறவர்கள் நிறைய. பின்சுவரில் தலையை ஒட்டி சோபா போட்டுவிட்டு பாஸ் அதிகம் என்பவர்கள் அதைவிட நிறைய. பெட்டிக்கும் அதன் பின்னாலிருக்கும் சுவருக்கும் உள்ள தூரமும் இப்படித்தான். பின்னால் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பும் அலை, முன்னால் வரும் அலையை ஒரு குறிப்பிட்ட இடத்தில் அழிக்கும். 1 மீட்டர் இடைவெளி என்றால் சுமார் 86 ஹெர்ட்ஸில், அரை மீட்டர் என்றால் சுமார் 171 ஹெர்ட்ஸில் அந்தப் பள்ளம் விழும். ஆண் குரலின் நெஞ்சுப் பகுதி அங்கேதான் இருக்கிறது.

இதை அளந்து பார்க்காமல் காதாலேயே பிடிக்கலாம். ஒருவர் வாசிக்கும் ஒலிப்புத்தகம் ஏதாவது ஒன்றை, கனமான ஆண் குரலாகப் பார்த்து ஓடவிடுங்கள். ஒரு ஸ்பீக்கரை மட்டும் சுவரை ஒட்டி வைத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒருமுறையாக முன்னால் இழுத்துக்கொண்டே வாருங்கள். ஆரம்பத்தில் ஆள் குடத்துக்குள் பேசுவார். கொஞ்சம் இழுத்ததும் தொண்டை திறக்கும், ஆனால் வார்த்தைகளின் அடியில் ஒரு 'ம்' ஒட்டிக்கொண்டே வரும். இன்னும் இழுத்தால் அந்த 'ம்' கழன்று, உதடும் நாக்கும் பல்லும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். அதையும் தாண்டினால் குரல் மெலிந்து ஆள் இளைத்துவிடுவார். இளைப்பதற்கு ஒரு விரற்கடை முன்னால் நிறுத்த வேண்டும். அந்த இடம் ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் மாறும். அதனால்தான் இரண்டு ஜோடியை அடுத்தடுத்து ஒரே இடத்தில் வைத்து ஒப்பிட்டாலும், இரண்டில் ஒன்றுக்கு அநியாயம் நடக்கிறது. ஒவ்வொன்றையும் அதனதன் நல்ல இடத்தில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் தீர்ப்பு எழுத வேண்டும்.

இன்னொரு இலவசப் பரிசோதனை பழைய மோனோ பதிவுகள், அதாவது இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வருபவை. ஸ்டீரியோ வருவதற்கு முந்தைய குரல் பாட்டு ஒன்றை இரண்டு ஸ்பீக்கரிலும் போட்டால், பாடுகிறவர் நட்ட நடுவில், ஒரு ஆள் அகலத்தில் நிற்க வேண்டும். அவர் ஒரு பக்கம் சாய்ந்தாலோ, மேல் சுரத்துக்குப் போகும்போது இடம் பெயர்ந்தாலோ, குரல் திரைச்சீலை மாதிரி விரிந்து கிடந்தாலோ வைத்திருக்கும் விதத்தில் கோளாறு, இல்லையென்றால் ஜோடியில் இரண்டும் ஒன்றுபோல் இல்லை. ஸ்பீக்கர்களைக் கேட்பவரை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பத் திருப்பக் குரல் சுருங்கி நடுவில் திரள்வது நன்றாகத் தெரியும். ஷோரூமில் ஸ்டீரியோ ஜாலங்களைக் காட்டுவார்கள், மோனோவைப் போடச் சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள்.

சரி, இவ்வளவும் கழித்தாயிற்று. இனி ருசி.

ஸ்பீக்கர் உலகம் ஆரம்பத்திலிருந்தே கட்சி கட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறது. அமெரிக்கப் பொறியாளர்கள் ரைஸும் கெல்லாகும் 1925-இல் விளக்கிய அதே அடிப்படையில்தான், காந்தப் புலத்துக்குள் அசையும் ஒரு கம்பிச்சுருள் கூம்பைத் தள்ளுகிற முறையில்தான், இன்றைய பெரும்பாலான ஸ்பீக்கர்கள் ஓடுகின்றன. அடிப்படை ஒன்றுதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு எதற்கு முதலிடம் கொடுப்பது என்பதில் பிரிந்துபோனார்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் எட்கர் வில்சூர் 1954-இல் அக்கவுஸ்டிக் ரிசர்ச் என்ற பெயரில் சின்னதாக, காற்றுப் புகாமல் மூடிய ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே அடைபட்ட காற்றே கூம்புக்கு ஸ்பிரிங். அளவுக்கு மீறிய ஆழமான, சுத்தமான பாஸ் வந்தது. விலையாகக் கொடுத்தது சென்சிட்டிவிட்டி, ஆம்ப்ளிஃபையர் மூச்சு வாங்கத் தள்ள வேண்டும். மேற்குக் கரையில் ஜேபிஎல்லும் ஆல்டெக்கும் சினிமா அரங்குகளின் வழி வந்தவர்கள். அவர்களுக்குப் பெரிய கூம்பு, ஊதுகுழல் வாய்போல் விரியும் ஹார்ன், சட்டென்று முகத்தில் அறையும் உயிர்ப்பு. ஒரு கட்சி இன்னொன்றை 'தூங்கி வழிகிறது' என்றது, அந்தக் கட்சி இதைக் 'கத்துகிறது' என்றது. இன்றுவரை இந்தச் சண்டைதான் வேறு வேறு பெயர்களில் நடக்கிறது.

இங்கிலாந்தில் பிபிசிக்காரர்கள் தனி வழி. அவர்களுக்கு அன்றாடம் தேவைப்பட்டது மனிதக் குரல். அறிவிப்பாளர் பக்கத்து அறையில் இருக்கிறார், கதவைத் திறந்து நேரில் கேட்டுவிட்டு வந்து ஸ்பீக்கரில் கேட்டால் அதே ஆளாக இருக்க வேண்டும். இப்படி ஒப்பிட்டே பழகிய பொறியாளர்கள் 1970-களின் ஆரம்பத்தில் வெளி ஒலிபரப்பு வேன்களுக்காக எல்எஸ்3/5ஏ என்ற குட்டிப் பெட்டியை வடிவமைத்தார்கள். உயரம் 30 சென்டிமீட்டர்தான். உள்ளே ஒலியை எழுப்பும் இரண்டு டிரைவரும் கேஇஎஃப் நிறுவனம் செய்தவை. உரிமம் வாங்கி ரோஜர்ஸ், ஸ்பெண்டார், ஹார்பெத் எனப் பலர் இதைத் தயாரித்தார்கள். ஸ்பெண்டாரைத் தொடங்கிய ஸ்பென்சர் ஹியூஸ், 1977-இல் ஹார்பெத்தைத் தொடங்கிய டட்லி ஹார்வுட் இருவருமே பிபிசியிலிருந்து வந்தவர்கள்தான். இவர்கள் பெட்டிகளின் சுவர் மெல்லிசான பிளைவுட். பெட்டியைக் கனமாக்கினால் அதன் அதிர்வு குரல் இருக்கும் பகுதிக்கு மேலேறி வந்து உறுத்தும், மெல்லிய சுவரில் அதிர்வை அடக்கும் அட்டையை ஒட்டினால் அது கீழே இறங்கி அடங்கிவிடும் என்பது அவர்கள் கணக்கு. ஷோரூமில் எல்லோரும் விரலை மடக்கிப் பெட்டியைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டுகிறோமே, அந்தப் பரீட்சையில் இந்தப் பெட்டிகள் கண்டிப்பாகத் தோற்கும். குரலைப் பாடவிட்டால் கதை வேறு.

நண்பர் ஒருவர் ஹார்ன் பைத்தியம். அவர் ஹாலின் இரு மூலைகளிலும் அவை உட்கார்ந்திருக்கும், மற்ற சாமான்கள் மிச்ச இடத்தில் ஒண்டிக்கொள்ளும். ஒருநாள் பிபிசி வகைக் குட்டிப் பெட்டிகளை ஸ்டாண்டோடு அங்கே கொண்டுபோய், சத்தத்தைச் சமப்படுத்தி, மாற்றி மாற்றிக் கேட்டோம். முதலில் மிருதங்கம். ஹார்னில் வலந்தலையில் (வலது முகத்தில்) விரல் விழும் அந்த முதல் நொடி, தோலில் படும் கூர்மை, ஒளிவுமறைவு இல்லாமல் வந்து விழுந்தது. தொப்பியில் (இடது முகத்தில்) உள்ளங்கை இறங்கும்போது காற்று நகர்வது கால் ரோமத்தில் தெரிந்தது. குட்டிப் பெட்டியில் அந்தக் கனம் துளியும் இல்லை. ஆனால் கும்கி கொடுக்கும்போது சுரம் எங்கிருந்து எங்கே வழுக்கிப் போகிறது என்பதைப் பின்தொடர முடிந்தது. அப்புறம் குரல். பெட்டியில் பாடகி ஒரு ஆளாக, ஒரு வாயோடு, சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தார். மேல் ஸ்தாயிக்குப் போகுமுன் மூச்சை இழுத்தது, முடித்ததும் உதடு ஒட்டியது எல்லாம் இருந்தது. ஹார்னில் அதே பாடகிக்கு வாய் கதவு அகலம்.

"நீங்க கொண்டுவந்ததுல பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா மிருதங்கக்காரர் எங்க உட்கார்ந்திருக்கார், பக்கத்து வீட்டுலயா?" என்றார் அவர்.

"உங்க பெட்டியில அவர் என் மடியிலேயே உட்கார்ந்திருக்காருங்க" என்றேன்.

அறை ஒன்று, சத்தம் ஒன்று, பாட்டு ஒன்று. அவர் நிகழ்ச்சியைக் கேட்கிறார், நான் ஆளைக் கேட்கிறேன். இந்த இடத்துக்கு வந்தபின் விவாதிக்க ஒன்றுமில்லை. கணக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம். பால் கிளிப்ஷ் 1946-இல் கொண்டுவந்த மூலை ஹார்னுக்கு நிறுவனம் சொல்லும் சென்சிட்டிவிட்டி சுமார் 105 டெசிபல், எல்எஸ்3/5ஏ-க்கு சுமார் 83. இடைவெளி 22 டெசிபல். ஹார்னுக்கு 1 வாட்டில் கிடைக்கும் சத்தத்தைக் குட்டிப் பெட்டியில் எடுக்க 150 வாட்டுக்கு மேல் வேண்டும், அவ்வளவு கொடுத்தால் அது தாங்காது. அதாவது மிருதங்க அடியின் உச்சி அங்கே வெட்டுப்படுகிறது என்பது கற்பனை இல்லை. நண்பர் கேட்டது சரி. குரலின் அகலத்தைப் பற்றி நான் கேட்டதும் சரி.

குவாட் நிறுவனத்தின் பீட்டர் வாக்கர் 1957-இல் வெளியிட்ட எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கரைக் கேட்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள், வாங்கும் எண்ணமே இல்லையென்றாலும் சரி. பெட்டியே கிடையாது. மின்னழுத்தத்தில் அசையும் மெல்லிய படலம், முன்னாலும் பின்னாலும் ஒலிக்கும். குரலும் வயலினும் அதில் ஒலிக்கிற விதத்தைக் கேட்டபின் சாதாரணப் பெட்டிகளில் 'பெட்டி' எங்கே இருக்கிறது என்பது காதுக்குப் பிடிபட்டுவிடும். ஆனால் தலையைக் கொஞ்சம் நகர்த்தினால் ஜாலம் கலையும், பின்சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி வைக்க வேண்டும், உரக்க வைக்கவே முடியாது. ஒருவர் மட்டும் அசையாமல் உட்கார்ந்து கேட்பதற்கானது அது. பிறகு 1981-இல் வந்த இஎஸ்எல்-63-இல் படலத்துக்கு மின்சாரம் தரும் தகடுகளை வளையங்களாகப் பிரித்து, நடுவிலிருந்து வெளியே போகப் போகத் தாமதமாக ஒலிக்க வைத்து, ஒலி ஒரே புள்ளியிலிருந்து பிறப்பதுபோல் செய்தார்கள். அந்தப் புள்ளியைத் தேடி டேனாய் நிறுவனம் 1947-லேயே ஒரே மையத்தில் இரண்டு டிரைவரை வைத்தது. கேஇஎஃப் 1988-இல் யூனி-க்யூ என்று அதையே வேறு விதமாகச் செய்து, 2012-இல் எல்எஸ்50 வரை கொண்டுவந்தது.

எதிர்முனையில் போஸ் 1968-இல் விற்ற 901-ஐப் பாருங்கள். ஒன்பது டிரைவரில் எட்டு பின்பக்கம். சுவரில் பட்டுத் தெறிக்கும் ஒலியில் அறையையே நிரப்புவது நோக்கம். குறை சொன்ன விமர்சகர்கள் நிறைய, விரும்பி வாங்கியவர்களுக்கும் குறைவு கிடையாது. ஒலி எங்கிருந்து வருகிறது என்று விரல் நீட்டிக் காட்ட வேண்டுமா, அல்லது அது அறை முழுக்க இருந்தால் போதுமா என்பது ருசியில் ஒரு பெரிய கிளை. நடந்துகொண்டே, வேலை செய்துகொண்டே கேட்பவர் முதல் வகையை வாங்கினால் வீண். நாற்காலியில் கண்ணை மூடி உட்காருகிறவருக்கு இரண்டாவது வகை எரிச்சல். கடையில் எல்லோரும் நாற்காலியில்தான் உட்காருகிறோம், வீட்டில் எத்தனை பேர் உட்காருகிறோம்?

'நேரில் கேட்பது போலவே இருக்கிறது' என்பதைத் தராசாக வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். வில்சூர் அதையும் செய்து காட்டினார். மேடையில் நால்வர் குழு வாசிக்கும், நடுவில் வாத்தியத்தை வாசிப்பதுபோல் பாவனை மட்டும் காட்ட, ஸ்பீக்கர் தொடரும். எங்கே மாறியது என்று அரங்கில் பலருக்கும் தெரியவில்லை. ஆனால் அதற்கென்றே கவனமாகச் செய்த பதிவு அது. நாம் வாங்கிக் கேட்கும் பதிவு அப்படியில்லை. எங்கோ ஒரு ஸ்டுடியோவில் ஒரு பொறியாளர் தன் முன்னால் இருந்த ஸ்பீக்கரில் கேட்டு, பாஸ் இவ்வளவு போதும், குரல் இவ்வளவு முன்னால் என்று முடிவுசெய்தது. வீட்டு உபயோகத்துக்கென்று 1978-இல் யமஹா விற்ற வெள்ளைக் கூம்பு என்எஸ்-10 ஸ்டுடியோக்களில் ஒலியைக் கலக்கும் கன்சோலின் மேல் ஏறி உட்கார்ந்தது. அதில் பாஸ் குறைவு, மிட் (நடுச் சுரங்கள்) முந்திக்கொண்டு நிற்கும். அதில் சரியாக ஒலிக்கும்படி கலக்கப்பட்ட பாட்டுகள் நம் அலமாரியில் எத்தனையோ. 'நேரில் கேட்பது போல' என்று நாம் சொல்வது பெரும்பாலும் நமக்குப் பழக்கமான பதிவுகளுக்கு இந்தப் பெட்டி ஒத்துப்போகிறது என்பதுதான். அதனால் டெமோவுக்குப் போகும்போது அவர்கள் தரும் பளபளப்பான பதிவுகளை ஒதுக்கிவிட்டு, நீங்கள் நிஜமாகவே கேட்கிற பாட்டுகளை, மோசமாகப் பதிவானவற்றையும் சேர்த்து, எடுத்துக்கொண்டு போங்கள். பழைய பதிவின் இரைச்சல் குரலோடு ஒட்டிக்கொண்டு கரகரத்தால், 2-லிருந்து 5 கிலோஹெர்ட்ஸ் வரை எங்கோ ஏதோ துருத்திக்கொண்டிருக்கிறது. அந்த ஸ்பீக்கரில் உங்கள் சேகரிப்பில் பாதியைக் கேட்காமலே ஆக்கிவிடுவீர்கள்.

மற்ற விஷயங்களை வேகமாகத் தாண்டலாம். 8 ஓம் (மின்தடை அளவு) என்று அட்டையில் எழுதியிருக்கும் பெட்டி சில அலைவரிசைகளில் 3 ஓமுக்குக்கூட இறங்கலாம், அதைத் தாங்கும் ஆம்ப்ளிஃபையர் வேண்டும். பழைய பாணி வெற்றிடக் குழாயில் ஓடும் வால்வு ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். ஸ்பீக்கரின் ஓம் ஏறி இறங்குவதற்கேற்ப ஒலியின் சமநிலையும் ஏறி இறங்கும், பிடித்தது ஸ்பீக்கரா அந்தச் சேர்க்கையா என்றே தெரியாது. கேபிள் தேவையான தடிமனில் செம்பாக இருந்தால் சரி. 40 கிலோஹெர்ட்ஸ் வரை போகும் ட்வீட்டரை (மேல் சுரங்களுக்கான சின்ன டிரைவரை) பற்றி ஐம்பதைத் தாண்டியவர்கள் கவலைப்பட வேண்டாம், நம்மில் பலருக்கு 15-ஏ சந்தேகம். பெரிலியமா, வைரமா, பட்டா என்ற கேள்வியும் எனக்கு இரண்டாம்பட்சம். எந்தப் பொருளிலும் இதமான ட்வீட்டரும் உண்டு, குத்துகிற ட்வீட்டரும் உண்டு. புது ஸ்பீக்கர் பல நூறு மணி நேரம் ஓடினால்தான் திறக்கும் என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. கூம்பின் விளிம்பு ஆரம்பத்தில் கொஞ்சம் தளர்வது உண்மைதான், மிச்சம் நம் காது அதற்குப் பழகுவது. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் பழகிவிடும்படி சொல்கிறார்களோ என்று சில சமயம் தோன்றும்.

அரை மணி நேர டெமோ எனக்கு ஒன்றை மட்டும்தான் சொல்லும்: எது வேண்டாம் என்று. எது வேண்டும் என்பது வீட்டில் பல நாள் ஓடினால்தான் வெளிவரும். அதற்கு நான் கவனிப்பது ஒலியை அல்ல, என் கையை. வால்யூமைக் குறைக்கக் கை அடிக்கடி போகிறதா? சில ஸ்பீக்கர்கள் உரக்க வைத்தால்தான் உயிர் வரும், இரவில் அடக்கி வைத்தால் குரல் எலும்பாகிவிடும். சில, மெல்ல வைத்தாலும் முழுதாக இருக்கும், உரக்க வைத்தால் குழம்பும். நாம் அன்றாடம் கேட்கும் சத்தத்தில் எது முழுதாக இருக்கிறது என்பது எந்த அளவைத் தாளிலும் தனியாக எழுதியிருக்காது. அதேபோல், பாட்டைப் பாதியில் மாற்றுகிறேனா? முதல் நாள் 'அடடா, இந்த விவரத்தை இதற்கு முன் கேட்டதே இல்லையே' என்று வியக்க வைக்கும் பெட்டிகளில் பல, ஒரு வாரத்தில் பாட்டைத் தாவித் தாவிப் போக வைக்கின்றன. மேல் சுரங்களைக் கொஞ்சம் தூக்கி வைத்தால் எல்லா விவரமும் பளிச்சென்று தெரியும், காது சீக்கிரம் களைத்துவிடும்.

கடைசியாக என் அறையில் மோதியவை இரண்டு ஜோடி. ஒன்று தரையில் நிற்கும் ஒல்லியான டவர், ட்வீட்டரும் மிட் டிரைவரும் ஒரே மையத்தில். இன்னொன்று பிபிசி வம்சத்து மெல்லிய சுவர்ப் பெட்டி, பாஸுக்கு 8 அங்குல வூஃபர், தாழ்ந்த ஸ்டாண்டில். அளவையில் டவர்தான் மேல். பாஸ் இன்னும் கீழே இறங்கியது, பக்கவாட்டில் உட்கார்ந்தாலும் நிறம் மாறவில்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்கும் அதுதான் பிடித்தது. நான் பெரும்பாலும் ராத்திரியில், கதவைச் சாத்தி, சத்தத்தை அடக்கி, ஒரு குரலும் ஒன்றிரண்டு வாத்தியமும் கேட்கிறவன். அந்தச் சத்தத்தில் டவரில் பாடகர் ஒரு கோட்டோவியமாகத் தெரிந்தார். பெட்டியில் அவருக்கு நெஞ்சும் தோளும் இருந்தன. அந்தப் பெட்டியின் மேல் பாஸ் இம்மியளவு தூக்கலாக இருப்பதுதான் அதற்குக் காரணம் என்று எனக்குத் தெரியும், பிங்க் நாய்ஸிலேயே அது தெரிகிறது. தெரிந்தே அதை வைத்துக்கொண்டேன். முழு ஆர்கெஸ்ட்ரா அதில் ஒரு அளவுக்கு மேல் திணறும், தவில் அடித்தால் பெட்டி மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும். அது வேண்டும் என்று தோன்றுகிற நாளில் ஹார்ன் வைத்திருக்கும் நண்பருக்கு ஒரு போன் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறேன்.